நாகையில் வாடகை வீடு: உப்பும் தண்ணீரும் தெருவும்

நாகப்பட்டினத்தில் வாடகைக்கு வீடு காட்டுகிறவர் உங்களை நேரே மொட்டைமாடிக்குத்தான் அழைத்துப் போவார். கிழக்கே கையை நீட்டுவார். தென்னைகளுக்கு மேலே நீலமாக ஒரு கோடு தெரியும். "கடல் காத்து சார், ஃபேனே போட வேணாம்" என்பார். காற்று விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காற்றோடு சேர்ந்து வருகிற உப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கீழே இறங்கி வந்ததும் நீங்களே ஜன்னல் கம்பி சட்டத்துக்குள் இறங்கும் இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் பொருக்காகக் கழன்று, உள்ளே செங்காவித் தூள் விரலில் ஒட்டினால் அந்த வீட்டின் ஜாதகம் பாதி தெரிந்துவிட்டது.

ஊரைப் பற்றிய எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டெல்டாவில் கடலோரம் குடியிருக்க நாகையைப் போல வசதியான ஊர் குறைவு. மாவட்டத் தலைநகர், ரயில், கடைத்தெரு, பள்ளிகள், காலையில் பிடித்த மீன் எல்லாம் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் அளவுக்கு வாடகையும் கிடையாது. ஆனால் கடலிலிருந்து குறைந்தது முக்கால் கிலோமீட்டராவது உள்ளே தள்ளி வீடு எடுங்கள். காற்றில் மிதந்து வரும் உப்புத்துளியில் பெரும்பங்கு முதல் சில நூறு மீட்டரிலேயே படிந்துவிடும். காற்று அதற்கு அப்பாலும் வரும். இந்த வித்தியாசத்துக்குத்தான் நாகையில் பணம் கொடுக்க வேண்டும்.

காற்றிலும் கொஞ்சம் கணக்கு உண்டு. மாசி, பங்குனியில் கொண்டல் எனும் கீழ்க்காற்று முன்பகலிலேயே இறங்கிவிடும். கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஜன்னல் உள்ள அறை அருமையாக இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் எனும் மேல்காற்று வலுத்து, கடல்காற்றை மதியம் இரண்டு மூன்று மணி வரை தள்ளி நிறுத்தும். அந்த மாதங்களில் கடற்கரை வீட்டுக்காரரும் நாலு தெரு தள்ளி இருப்பவரும் ஒரே மாதிரி வேர்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் மேற்குச் சுவரில் வெயில் நேராக அடிக்கிறதா என்றும் பாருங்கள். கிழக்கே ஜன்னல் இருந்தும் எதிர் வீட்டு மாடி மறைத்தால் அந்த ஜன்னலால் பயனில்லை.

இனி உப்பு செய்கிற வேலை. கான்கிரீட்டுக்குள் உப்பின் குளோரைடு மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெம்ப, கான்கிரீட் விரிசல் விட்டுப் பாளம் பாளமாகப் பெயர்கிறது. கடலோரக் கட்டடத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். பழைய வீடுகளில் அதில் பாதி இருந்தாலே பெரிது. கட்டிய காலத்தில் கழுவாத கடல் மணல் கலந்திருந்தால் காற்றில் உப்பு வரும்வரை காத்திருக்கவே வேண்டாம், நோய் கூடவே பிறந்தது.

கண்டுபிடிக்க ஒரு கைத்தடி போதும். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், கழிவறைச் சீலிங், மேல்நிலைத் தொட்டி நிற்கும் தூண் என நான்கு இடங்களில் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினாலும் அதே அர்த்தம். சீலிங்கில் ஒரே ஒரு இடம் மட்டும் புதுப் பூச்சும் புது வெள்ளையுமாக இருந்தால் இன்னும் உஷாராகுங்கள். துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவை வைத்துச் செய்தால்தான் அது ரிப்பேர். மேலோட்டமாகச் சிமென்ட் அப்பினால் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம். தொட்டிலுக்கு மேலே இருக்கும் சீலிங்கில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீட்டில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. கூரைப் பிரச்சினையில் அது புது தார்சு வீட்டைவிட நிம்மதி. அதன் வியாதி வேறு: தரையிலிருந்து ஈரமும் உப்பும் மேலேறி, இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் பொரிந்து பூக்கும். அதை மறைக்கச் சிலர் சிமென்ட் பூசி எமல்ஷன் அடிக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் இன்னும் உயரத்தில் வழி தேடும், அவ்வளவுதான். சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை என்று விட்டால் சுவர் மூச்சு விடும், உதிர்வதும் கொஞ்சமாக உதிரும். கரையானுக்கு விட்டத்தைத் தட்டிப் பாருங்கள்.

தண்ணீர்தான் அடுத்த பெரிய விஷயம். வீட்டுக்காரர் "மூணு தண்ணி இருக்கு" என்பார். நகராட்சிக் குழாய், போர், கேன். குடிக்க, சமைக்க நகராட்சிக் குழாயை நம்பலாம், வருகிற நேரத்தில் பிடித்து வைக்கத் தொட்டி இருந்தால். நாலு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 540 லிட்டர் ஆகும். குழாய் மூன்று நாள் வராமல் போனாலும் சமாளிக்க 1,600 லிட்டருக்குக் குறையாத தரைத்தொட்டி வேண்டும். அந்தத் தொட்டியின் உட்சுவரில் விரிசல் இருந்தால் ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி, வெளியே இருக்கும் உப்புத்தண்ணீரும் சாக்கடை ஊறலும் உள்ளே வரும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

போர் தண்ணீரைச் சோதிக்க, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான், பேனா அளவில் இருக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல குடிநீர், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை அனுமதி என்பது இந்தியக் குடிநீர்த் தரம். வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பெரும்பாலும் அந்த 2,000 வரைக்கும்தான் செய்யப்பட்டவை. அதற்கு மேல் கரிக்கும் தண்ணீரை ஊற்றினால் உள்ளே வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் போய்விடும், கழிவாக ஓடும் தண்ணீரும் கூடும். மீட்டர் இல்லையா? சோப்பு நுரைக்கிறதா, பருப்பு வேகிறதா என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள்.

எந்த மாதத்தில் அளக்கிறீர்கள் என்பது முக்கியம். மழை முடிந்த கையோடு அளந்தால் எல்லா வீடும் நல்ல வீடு. சித்திரை, வைகாசியில் அளக்கும் எண்தான் உண்மையான எண். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் நாகை கடைமடை, காவிரித் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம். வாய்க்காலில் தண்ணீர் வந்து நிலம் ஊறுவதற்கு அதற்கப்புறமும் நாள் பிடிக்கும். அணை தாமதமாகத் திறக்கும் ஆண்டில் கரிப்பு கூடவே நீளும்.

கடலை ஒட்டிய மணல்மேட்டில் மட்டும் இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே ஏடு போல மிதந்து நிற்கும். பதினைந்து இருபது அடி கைப்பம்பில் தித்திப்பான தண்ணீர் வருவது இதனால்தான். "இன்னும் ஆழம் போட்டால் இன்னும் நல்ல தண்ணி" என்று நினைத்து இறக்கினால் நேரே உப்பில் போய் நிற்பீர்கள். பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் அதே கதிதான். நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்பின் எல்லை ஏறத்தாழ நாற்பது அடி மேலே வரும் என்பது நீரியலில் பழைய கணக்கு. நாலு வீட்டுக்கு ஒரு போர் என்று இருக்கும் அடுக்குமாடியில், எத்தனை குதிரைத்திறன் மோட்டார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராது, ஆனாலும் கேளுங்கள்.

தெருக்களுக்கு வருவோம். முதல் இடம் வெளிப்பாளையத்துக்கு. தனியாக ரயில் நிலையம், கடைகள், பள்ளி எல்லாம் நடந்துபோகும் தூரம். காற்று வருகிறது, துரு சமாளிக்கும் அளவில் இருக்கிறது. மாடி வீடு கிடைத்தால் கீழ்வீட்டைவிட அதையே எடுங்கள். காடம்பாடியும் ஏறக்குறைய அதே ரகம்தான். தெருக்கள் கொஞ்சம் அமைதி.

காயாரோகணசுவாமி, நீலாயதாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நெருக்கிக் கட்டிய நீள வீடுகள். பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டுக்குச் சொந்தம். வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாகத்தான். முற்றத்தைத் தகரமோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடிய வீட்டை எடுக்கவே வேண்டாம், பகலிலும் லைட் போட்டுப் புழுங்கிக் கிடப்பீர்கள். கார் இருந்தால் யோசியுங்கள். ஆடிப்பூரத்துக்கு அதை நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். கோயில், கடைத்தெரு, நல்ல அக்கம்பக்கம் வேண்டும் என்கிற வயதானவர்களுக்கு இந்த வீதிகள் பிடிக்கும்.

புதிய கடற்கரைப் பக்கம் நடக்க வருவதற்கு அருமையான இடம். காலை ஐந்தரைக்கு வாருங்கள், ஏழு மணிக்குத் திரும்பிவிடுங்கள். குடியிருந்தால் வருடா வருடம் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். ஏசி, ஃபிரிட்ஜின் பின்பக்கம், சைக்கிள் செயின், மிக்ஸி ஸ்விட்ச் என ஒன்று மாற்றி ஒன்று உயிரை விடும். வாங்குகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு: உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கட்டுவதற்கும் கூடுதல் மாடி எழுப்புவதற்கும் அந்த விதிக்குட்பட்ட அனுமதி வேண்டும். பத்திரம் சரியாக இருப்பது மட்டும் போதாது.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் எல்லாம் மீனவர் ஊர்கள். வெளியாட்களுக்கு வாடகை வீடு என்று அங்கே சந்தை பெரிதாக இல்லை. விடிவதற்கு முன்பே ஐஸ் லாரியும் ஏலக்குரலும் ஓடுகிற, வேலை செய்கிற துறைமுகம் அது. "நாற்றம்" என்று மூக்கைப் பிடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் வீடு தேடாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்போது பிரிக்கப்படாதிருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தார்கள். கடலோரக் குப்பங்கள்தான் அதில் முன்னால் நின்றன. கடலோரத்தில் யார் வீடு எடுத்தாலும் மேற்கே போகும் சாலை எது, வழியில் பாலமோ ரயில்வே கேட்டோ உண்டா, பக்கத்தில் உறுதியான மாடிக் கட்டடம் எது என்று முதல் வாரத்திலேயே நடந்து பார்த்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்காக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்றால் நாகூர்தான். நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், அதே நகராட்சி. மாலையில் சூடாகப் போடும் இறால் வாடாவுக்கு (இறால் வைத்துப் பொரிக்கும் வடை) ஒரு கும்பலே நிற்கும். தேநீருக்கு அதைவிடப் பொருத்தமான துணை இந்தக் கரையில் இல்லை. தர்காவை ஒட்டிய தெருக்களில் வியாழன் இரவுக் கூட்டத்தையும் கந்தூரிக் கூட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கந்தூரி நாட்களில் வண்டியை வெளியே எடுக்க நினைக்காதீர்கள். தர்காவிலிருந்து மேற்கே ரயில் பாதைப் பக்கம் தள்ளி எடுத்தால் வாடாவும் கிடைக்கும், தூக்கமும் கிடைக்கும்.

புத்தூர், சிக்கல் பக்கம் இப்போது மனை மனையாகப் போட்டிருக்கிறார்கள். உப்புக்காற்று இல்லை, வீடு புதுசு, பார்க்கிங் தாராளம். ஆனால் நிறைய மனை நேற்று வரை நெல் விளைந்த களிமண். வெயிலில் வெடித்து, மழையில் உப்பி, வீட்டை ஆட்டிப் பார்க்கும் மண். தூண் அடித்தளமும் தரைமட்டத்தில் கான்கிரீட் பெல்ட்டும் போடாத வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும், கதவு மழைக்காலத்தில் மூடாது. எல்லாக் கதவையும் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். வேளாங்கண்ணியில் வீடு என்றால், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. நடந்து வருகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையையே நிறைத்துவிடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு நாகை அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பதினொரு நாள் பெரும்பாடு.

எந்தத் தெருவானாலும் மழைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஊருக்குள் தண்ணீர் நிற்பதற்கு மழை மட்டும் காரணமில்லை. நிலம் தட்டை, கடல் ஏறியிருக்கும், ஆற்று முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும். வடிய வழி இல்லாமல் வாய்க்கால் எதிர்த்து நிற்கும். போதாததற்குச் சாலையை ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் இருபது வருட வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. வாசற்படியில் ஏறி வீட்டுக்குள் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா என்று கவனியுங்கள். எதிர் மதிலில் பழுப்பாக ஒரு நீர்மட்டக் கோடு இருக்கிறதா? நிலத்தடி நீர் ஏறினால் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிவறையில் தண்ணீர் இறங்காது. அதை வீட்டுக்காரர் சொல்லமாட்டார். போன குடித்தனக்காரர் சொல்வார்.

புயலுக்கு: 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது முதலில் பறந்தவை மாடியில் போட்ட தகரக் கொட்டகைகளும் வெற்றுப் பிளாஸ்டிக் தொட்டிகளும்தான். தொட்டியை முந்தின நாளே நிரப்பிவிட்டால் அது எடையாகவும் நிற்கும், மின்சாரம் போன பிறகு குடிக்கவும் ஆகும். இன்வெர்ட்டர் மோட்டாரை ஓட்டாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இரண்டு சாதாரண ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு என்றால் ஆறு மணி நேரம் போகும். ஃபேனை மின்சாரம் குறைவாக இழுக்கும் முப்பது வாட் பி.எல்.டி.சி. ரகமாக்கினால் அதே பேட்டரி ஏறக்குறைய ஒரு முழு இரவு வரும். இரண்டாவது பேட்டரி வாங்கும் காசில் ஃபேனை மாற்றுங்கள்.

ஏசியின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள், வீட்டின் மறைவுப் பக்கம் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரைக் குறைந்த வேகத்தில் ஊற்றிக் காயிலை அலசுங்கள். போர் தண்ணீரில் அலசுவது இருக்கிற உப்புக்கு மேல் உப்பு. கிரில்லுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆள் துருவைச் சுரண்டாமல் பிரஷ்ஷைத் தொட்டால் நிறுத்துங்கள். உப்புத்தாள் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு கோட் பிரைமர், அதற்கு மேல்தான் எனாமல். கொசுவலைக்கு இரும்பு வலை வேண்டாம், நைலானோ ஃபைபரோ போடுங்கள். வீட்டுக்காரர் ஜன்னல் மாற்ற ஒப்புக்கொண்டால் யு.பி.வி.சி. எனும் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் கேளுங்கள், இரும்பின் பேச்சே எடுக்காதீர்கள்.

வைத்திய விஷயத்தில் மட்டும் மதிப்பெண் குறைக்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே ஒரத்தூரில் இருக்கிறது. பெரிய சிறப்பு மருத்துவம் என்றால் பலரும் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோதான் ஓடுகிறார்கள். திருவாரூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள், தஞ்சாவூர் ஏறத்தாழ எண்பது. இதய நோயாளி இருக்கும் வீடு இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

ஓய்வு நாளுக்குக் குறையே இல்லை. கோடியக்கரையில் வெளிமான் வருடம் முழுக்க, பூநாரை கார்த்திகை, மார்கழி, தை வாக்கில். வடக்கே தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்னும் போனால் பூம்புகார். தை முதல் பங்குனி வரை நாகைக் கரையிலேயே பங்குனி ஆமை எனும் கடலாமை முட்டையிட ஏறும். அந்த இரவுகளில் மணலில் டார்ச் அடித்துத் திரியாதீர்கள். கடலில் குளிப்பது வேறு விஷயம். கரையிலிருந்து பத்து அடியிலேயே காலடி மணலை இழுக்கும் ஓட்டம் உண்டு, நீச்சல் தெரிந்தவர்களும் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மீன் வாங்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது பெரிய மீன் விலை ஏறும். "வஞ்சிரம்" என்று ஐஸில் கிடப்பது பெரும்பாலும் வேறு கரையிலிருந்து லாரி ஏறி வந்தது. அந்த இரண்டு மாதமும் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் சின்ன மீனையும், பருவம் ஒத்துவந்தால் கோலா மீனையும் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு மலிவான சோதனை. வீட்டை முதல் முறை பார்க்கும்போது, சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, கிழக்கு ஜன்னல் திண்ணையில் ஒன்றும் மேற்கு அறையில் ஒன்றுமாக இரண்டு புது இரும்பு ஆணிகளை வைத்துவிட்டு வாருங்கள். பூச்சு இல்லாத ஆணியாக இருக்க வேண்டும், ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். பத்து நாள் கழித்து அட்வான்ஸோடு போகும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடகை பேச அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.